வானத்துக்காக ஒரு ரோல் ஃபிலிம்

கேள்வி இது: "மலை, கடல், வயல் என்று டிஜிட்டலில் நிலக்காட்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பழைய யாஷிகா பரணிலிருந்து கிடைத்திருக்கிறது. இந்தக் காலத்தில் ஃபிலிமில் நிலக்காட்சி எடுப்பதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பழசின் மேல் உள்ள ஆசைதானா? இருக்கிறது என்றால் எங்கிருந்து தொடங்குவது?"

இருக்கிறது. ஆனால் பலரும் சொல்கிற காரணங்களில் எனக்கு ஒப்புதல் இல்லை. முதலில் அவற்றைக் கழித்துவிடுகிறேன்.

துல்லியத்துக்காக ஃபிலிம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 35 மி.மீ. ஃபிலிமை எவ்வளவு நன்றாக ஸ்கேன் செய்தாலும், இன்றைய 24 மெகாபிக்சல் கேமரா புல்லையும் இலையையும் அதைவிட நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். ஃபிலிம் பொறுமையைக் கற்றுத்தரும் என்பது அடுத்த காரணம். டிரைபாடும்தான் கற்றுத்தரும், அதற்கு மாதாமாதம் செலவும் கிடையாது. போதாததற்கு, நம் ஊரில் பொறுமையாக இருந்தால் வெளிச்சம் போய்விடும். குளிர்நாட்டுக்காரர்கள் காலைப் பொன்வெயிலை ஒரு மணி நேரம் என்று எழுதுவார்கள். அங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறும். தமிழ்நாடு இருப்பது 8 முதல் 13 பாகை அட்சரேகைக்குள். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். தொடுவானத்திலிருந்து 6 பாகை உயர அதற்கு 25 நிமிடம் போதும். அந்த 25 நிமிடத்துக்கு நடுவில் ரோல் தீர்ந்து, விரல் நடுங்க அடுத்த ரோலை மாட்டுகிறவனிடம் போய்ப் பொறுமையைப் பற்றிக் கேளுங்கள்.

நிறமா என்றால், அதிலும் முக்கால்வாசியை இன்று கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிடலாம்.

இதெல்லாம் போக எனக்கு மிஞ்சுகிற காரணம் ஒன்றுதான்: வானம்.

சில வருடங்களுக்கு முன் கொழுக்குமலைக்குப் போயிருந்தேன். சூரியநெல்லியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் எலும்பெல்லாம் குலுங்க ஏறிப் போனால், கிழக்கே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்க மேகம் மூடிக் கிடக்கும். அதன் மேலே சூரியன் எட்டிப் பார்க்கும். அன்று டிரைபாடில் டிஜிட்டல், கழுத்தில் போர்ட்ரா 400 என்ற கலர் நெகட்டிவ் ஃபிலிம் போட்ட நடுத்தர ஃபார்மெட் கேமரா, அதாவது 35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிமில் எடுப்பது. இரண்டிலும் ஒரே இடத்திலிருந்து, சில நொடி இடைவெளியில் எடுத்தேன். முன்னால் இருட்டான தேயிலைச் சரிவு, பின்னால் நேராகச் சூரியன்.

பிறகு இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஜிட்டலில் சூரியன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் வளையம், அதைத் தாண்டியதும் சட்டென்று ஆரஞ்சு. கத்தரித்து ஒட்டியதுபோல் இருந்தது. ஃபிலிமில் சூரியன் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நடுவில் வெண்ணெய் நிறம், அது மஞ்சளாகி, மஞ்சள் காவியாகி, காவி மேலே போகப்போகச் சாம்பல் நீலமாகிக் கரைந்திருந்தது.

டிஜிட்டலில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி, கூட்டினால் இரட்டிப்பு) குறைத்து எடுத்து, அப்புறம் நிழலைத் தூக்கியிருக்கலாமே என்பீர்கள். தாராளமாக. மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒன்றாகச் சேர்க்கவும் செய்யலாம். இருட்டைத் தோண்டி எடுப்பதில் இன்றைய சென்சாரிடம் எந்த ஃபிலிமும் நிற்க முடியாது. நான் சொல்வது வெளிச்சம் மிகும் முனையில் படம் எப்படி முடிகிறது என்பதைப் பற்றி.

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி விழ விழ ஒரே சீராக நிரம்பும். நிரம்பிய நொடியில் கதை முடிந்தது, அதற்கு மேல் வருவதெல்லாம் வழிந்து போகும். ஃபிலிமில் குடம் கிடையாது. அங்கே இருப்பவை ஜெலட்டினில் பதித்த வெள்ளி உப்புப் பரல்கள், பெரிதும் சிறிதுமாகக் கலந்து. பெரிய பரல்களில் ஒளி சீக்கிரம் படும், அவை முதலில் தீரும். சிறியவற்றுக்கு அதிக ஒளி வேண்டும். வெளிச்சம் கூடக்கூட மிச்சமிருக்கும் பரல்கள் குறைந்துகொண்டே போவதால், படத்தின் அடர்த்தி ஏறும் வேகம் மெல்ல மெல்லத் தணிகிறது. கலர் நெகட்டிவில் இதற்காகவே ஒவ்வொரு நிறத்துக்கும் வேகமானது, நடுத்தரம், மெதுவானது என்று தனித்தனி அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மேகத்தின் வெயில் பட்ட ஓரம் நெகட்டிவில் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. நிலக்காட்சிக்காரனின் தீராத தலைவலியே மேலே வானம் அதிக வெளிச்சம், கீழே நிலம் குறைந்த வெளிச்சம் என்பதுதானே. அதற்கென்றே செய்த சரக்கு இது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டிஜிட்டலில் பழகிய கை இங்கேதான் முதலில் வழுக்கும். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றினால் போதும், நிழலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நெகட்டிவில் அப்படியே தலைகீழ். நிழலுக்குப் போதிய ஒளி கொடுத்துவிட வேண்டும், வானத்தை ஃபிலிம் பார்த்துக்கொள்ளும். நிழலில் ஒளி பதியவில்லை என்றால் அங்கே பரல் எதுவும் மாறவில்லை என்று பொருள், எந்த மென்பொருளாலும் அதைத் தூக்க முடியாது. தூக்கினால் சேறும் பச்சையுமாக ஒன்று வரும். அதனால் போர்ட்ரா 400ஐ ஒளி அளக்கும் மீட்டரில் ஐஎஸ்ஓ 200 என்றே வைத்து எடுக்கிறேன், அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி. ஒரு ஸ்டாப் அல்ல, இரண்டு கூடினாலும் அது முகம் சுளிக்காது. எக்டார் 100 இன்னும் கூர்மையானது, நிறமும் தூக்கல். ஆனால் கொஞ்சம் ஒளி குறைந்தால் நிழலெல்லாம் நீலம் பூத்துவிடும். கோல்டு 200 விலை குறைவு, இப்போது நடுத்தர ஃபார்மெட்டுக்கான 120 ரோலிலும் வருகிறது. மாலை வெயிலுக்கு அது தரும் மஞ்சள் எனக்குப் பிடிக்கும், நடுப்பகலுக்குப் பிடிக்காது.

நெகட்டிவ் இல்லாமல் நேராக நிறப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 1990இல் வந்த ஃபியூஜி வெல்வியா, ஐஎஸ்ஓ 50, ஒரு தலைமுறை நிலக்காட்சிக்காரர்களின் கண்ணையே மாற்றிய ஃபிலிம். அந்தக் காலத்து நாட்காட்டிப் படங்களின் ஆழ்ந்த பச்சையும் ஊதா வானமும் பெரும்பாலும் அதன் கைவண்ணம். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் ஸ்லைடு ஒன்றை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் மேலே நான் சொன்ன வானக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வித்தியாசம்தான் தாங்கும், அரை ஸ்டாப் தவறினாலும் முகத்தில் அடித்ததுபோல் தெரியும். வானத்தை அடக்க ஜிஎன்டி ஃபில்டர் (மேல்பாதி மட்டும் கருத்த கண்ணாடி) இல்லாமல் மலைக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை. முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது கறுப்பு வெள்ளை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒளிப்படத்தின் தொடக்ககாலத்தில் வானம் பெரிய தொல்லை. அன்றைய ரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. கோபுரத்துக்கும் மரத்துக்கும் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். 1858இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி எல்லாம் சுற்றிய லின்னேயஸ் டிரைப், மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவில் எடுத்தவர். வெறுமையாக வந்த வானம் அவருக்குப் பொறுக்கவில்லை. சில நெகட்டிவ்களில் மேகத்தைத் தானே தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். வானத்தை மாற்றி ஒட்டும் மென்பொருளைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிற்பாடு எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் வந்தது. ஆனாலும் நீலத்தின் மேல் அதற்கு ஒரு சாய்வு உண்டு. லென்ஸின் முன்னால் வண்ணக் கண்ணாடி போடுவது அதைச் சரிசெய்யத்தான். மஞ்சள் ஃபில்டர் நீலத்தைக் கொஞ்சம் தடுத்து, கண் பார்த்த அளவுக்கு வானத்தைக் கருக்கும். ஆரஞ்சு அதைவிட. சிவப்பு போட்டால் பகல் வானம் ஏறத்தாழ இரவாகிவிடும். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே நிலக்காட்சி ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் நின்றபோது கையில் இரண்டே கண்ணாடித் தகடுகள்தான் மிச்சம். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று உடனே புரிந்துபோயிற்று. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பை மாட்டினார். கரிய வானத்தின் முன் பாறை செங்குத்தாக எழும் அந்தப் படம்தான் அவர் பெயரை நிலைநாட்டியது.

ஃபில்டர் ஒளியைத் தின்னும். மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்பது வாய்ப்பாடு. இந்த வாய்ப்பாட்டை மட்டும் நம்பி நான் ஒரு ரோலைக் கெடுத்திருக்கிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி தெரியுமல்லவா. கண்ணுக்கு எட்டிய தூரம் செக்கச்செவேலென்ற மணல், நடுநடுவே பனையும் முந்திரியும் உடைமரமும். மணலுக்கு அந்தச் சிவப்பு, பரல்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வருவது. நல்ல வெயில், துண்டுதுண்டாக மேகம். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஐஎஸ்ஓ 400, சிவப்பு ஃபில்டர். முந்திரி மர நிழலில் மீட்டர் வைத்தேன், எஃப் 11, 1/125 நொடி என்றது. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் ஆக்கும் எண்ணையே சொல்லும். நிழல் நிழலாகத் தெரிய வேண்டுமே, அதற்கு இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். ஆக 1/500. சிவப்புக்கு மூன்று ஸ்டாப் கூட்டினால் 1/60. கணக்கு கச்சிதம் என்று பன்னிரண்டு ஃபிரேமையும் எடுத்து முடித்தேன்.

கழுவிப் பார்த்தால் நிழலெல்லாம் தார். காரணம் அப்புறம்தான் உறைத்தது. திறந்தவெளியில் நிழலுக்கு ஒளி வருவது வெயிலிலிருந்து இல்லை, நீல வானத்திலிருந்து. நிழல் என்பதே நீல வெளிச்சம். சிவப்பு ஃபில்டர் அதை மூன்று ஸ்டாப்புக்கும் அதிகமாகவே வெட்டிவிடும். இப்போதெல்லாம் சிவப்பு போட்டால் வாய்ப்பாட்டுக்கு மேல் இன்னும் ஒரு ஸ்டாப் கொடுக்கிறேன்.

அடுத்த முறை அப்படிக் கொடுத்து எடுத்த படம் தொழில்நுட்பமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாதது. கறுத்த வானம், வெள்ளை மேகம், மணல் பால்போல். அந்தப் பக்கம் பனையேறும் பெரியவர் ஒருவருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தேரியில சுண்ணாம்பக் கொட்டுன மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. சிவப்பு ஃபில்டர் சிவப்பு மணலை வெளுக்கத்தான் செய்யும். அந்த மண்ணின் அடையாளமே அந்தச் சிவப்பின் கனம், அதை நான் துடைத்து எறிந்திருக்கிறேன். பிறகு பச்சை ஃபில்டரை மாட்டினேன். மணல் அடர்ந்து, ஈரம் கோத்ததுபோல் கனத்துவிட்டது, பனை ஓலை வெளிச்சமாக மேலெழுந்தது. வானம் முன்புபோல் நாடகம் போடவில்லை. பரவாயில்லை. டிஜிட்டல் கறுப்பு வெள்ளையில் இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம், அது பெரிய வசதி. ஃபிலிமில் மணலின் மேல் நின்றுகொண்டே முடிவெடுத்தாக வேண்டும்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. இந்த ஃபிலிமை நம் மலையிலேயே செய்த காலம் ஒன்று இருந்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று தேவைப்படும் தொழில் அது. ஆலை மூடிவிட்டது, இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. நீலகிரியை நீலகிரியில் செய்த ஃபிலிமில் எடுத்தவர்கள் இன்னும் ஊட்டி ஸ்டுடியோக்களில் இருக்கிறார்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் யாஷிகா. அது மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள வகை என்று எடுத்துக்கொள்கிறேன், நம் ஊர் ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கியது அதுதான். நல்ல காலம், ஏனென்றால் 120 ரோலில் அது எடுக்கும் ஆறுக்கு ஆறு ஃபிரேமின் பரப்பு 35 மி.மீ. ஃபிரேமைப்போல் மூன்றரை மடங்குக்கும் அதிகம். வானத்தின் நிற மாற்றம் பரல் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போக அந்தப் பரப்புதான் உதவும். பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் மைக்கேல் கென்னா பல பத்தாண்டுகளாகத் தன் பனியும் கடலுமான கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துவருவது இந்தச் சதுர ஃபிலிமில்தான்.

அதில் 80 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், மாற்ற முடியாது, அகன்ற கோணமும் இல்லை. மலை முழுவதையும் அள்ளிவிட முடியாது என்பதால் ஒரு சரிவு, ஒரு பாறை, ஒரு வரப்பு என்று தேர்ந்தெடுக்கக் கண் பழகிவிடும். மேலிருந்து குனிந்து பார்க்கும் திரையில் இடம் வலமாகத் தெரியும், தொடுவானத்தை நேராக்குவதற்குள் முதல் வாரம் தலை சுற்றும். ஃபில்டர் திருகு வகை கிடையாது, பேயோனெட் 1 என்று கேட்டு வாங்க வேண்டும். பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, எடுப்பது கீழ் லென்ஸ் வழியாக என்பதால், எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால், முதலில் மேலே வைத்துத் திருப்பிப் பார்த்து, விளிம்பில் உள்ள குறியை மனதில் கொண்டு அதே கோணத்தில் கீழே மாட்டுங்கள்.

ஃபிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். பரணில் கிடந்த கேமராவில் மெதுவான வேகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் வழியாக டார்ச் அடித்தால் சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் பூஞ்சை. கேமராவில் மீட்டர் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, வேறு பேட்டரி போட்டால் மின்னழுத்தம் மாறி எண் பிசகும். கைபேசியில் உள்ள மீட்டர் செயலி போதும். உங்கள் டிஜிட்டல் கேமராவையே மீட்டராகவும் பயன்படுத்தலாம், நிழலில் புள்ளி மீட்டர் வைத்து, இரண்டு ஸ்டாப் குறைத்து.

கருக்கலில் கடலையோ அருவியையோ நீண்ட எக்ஸ்போஷரில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பாடம் உண்டு. டிஜிட்டலில் 30 நொடி என்றால் 30 நொடிதான். ஃபிலிமில் ஒளி மிகவும் குறைந்தால் கணக்கு உடையும். ஒரு பரலில் முதல் வெள்ளி அணு உருவாகி, இரண்டாவது வந்து சேருவதற்குள் முதலாவது கலைந்துபோய்விடும். மங்கிய வெளிச்சத்தில் ஃபோட்டான்கள் அவ்வளவு இடைவெளி விட்டு வருகின்றன. ஆகவே மீட்டர் சொன்ன நேரத்துக்கும் அதிகமாகத் திறந்து வைக்க வேண்டும். எச்பி5 பிளஸுக்கு இல்ஃபோர்டு கொடுத்திருக்கும் சூத்திரம், மீட்டர் சொல்லும் நொடியை 1.31 அடுக்குக்கு உயர்த்துவது. 10 நொடி என்றால் சுமார் 20, 30 நொடி என்றால் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய. ஃபியூஜியின் கறுப்பு வெள்ளை ஃபிலிமான ஏக்ராஸ் இந்த விஷயத்தில் தனி ரகம், 2 நிமிடம் வரை எந்தத் திருத்தமும் வேண்டாம். தனுஷ்கோடியில் விடியுமுன் எடுக்க அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. வெல்வியாவோ 4 நொடியிலேயே நிறம் மாறத் தொடங்கி மெஜந்தா ஃபில்டர் கேட்கும்.

கழுவுவது. கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு டேங்க், கை நுழைக்கும் கறுப்புப் பை, டெவலப்பர், ஃபிக்ஸர், தெர்மாமீட்டர் போதும். இருட்டறை வேண்டாம். புத்தகமெல்லாம் 20 டிகிரி என்று சொல்லும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும், அதை வைத்துக்கொண்டு 20க்கு எங்கே போவது? மதுரை, கோவை மாதிரி காற்று காய்ந்த ஊரில் மண்பானைத் தண்ணீர் நன்றாகக் கைகொடுக்கும். சென்னையில் ஈரப்பதம் அதிகம், பானை அவ்வளவாகக் குளிராது, ஐஸ் கட்டி போட்ட வாளியில் பாட்டில்களை நிறுத்திவைக்க வேண்டும். 20க்கே கொண்டுவர வேண்டும் என்றும் கட்டாயமில்லை. எச்பி5ஐ ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24இல் ஏறத்தாழ 9. டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் மட்டும் வானம் திட்டுத்திட்டாக வரும், ஏனென்றால் சீரற்ற கழுவல் முதலில் தெரிவது வெறும் வானத்தில்தான்.

கலர் நெகட்டிவுக்கான சி-41 முறை 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி. சூடு அரை டிகிரி நகர்ந்தாலே நிறம் பிசகும் என்பதால் நான் லேபுக்குத்தான் அனுப்புகிறேன். சினிமா ஃபிலிமைச் சுருட்டி மலிவாக விற்பார்கள். அதன் முதுகில் கறுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பூச்சோடு சாதாரண லேப் இயந்திரத்துக்குள் போனால் உங்கள் ரோலோடு மற்றவர்கள் ரோலும் கெடும்.

ஃபிலிமின் வானம் பாதிப் பேருக்குத் தொலைந்துபோவது ஸ்கேனில். நானும் ஒரு லேபிலிருந்து வந்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மேகமே இல்லாத வெள்ளை வானம் என்று போர்ட்ராவையே குறை சொன்னேன். பிறகு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வானத்தின் அடர்ந்த பகுதிக்குள் மேகத்தின் மடிப்புகள் அத்தனையும் அழகாக இருக்கின்றன. இயந்திரம் தானாகக் கான்ட்ராஸ்டை ஏற்றி எல்லாவற்றையும் வெட்டியிருந்தது. தானியங்கித் திருத்தம் வேண்டாம், தட்டையாக, டிஃப் (TIFF) கோப்பாகக் கொடுங்கள் என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே செய்யுங்கள்: மேக்ரோ லென்ஸ், ஒரு நல்ல எல்இடி பலகை, உங்கள் டிஜிட்டல் கேமரா. நெகட்டிவையே ரா (RAW) கோப்பாகப் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் பல லேப் ஸ்கேனைவிட நன்றாக வரும். ஆக, டிஜிட்டலை விற்றுவிட்டு ஃபிலிமுக்கு வருகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறை. ரோல்களை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விமான நிலையத்தில் பெரிய சூட்கேஸில் ஒருபோதும் போடாதீர்கள், கைப்பைக்கும் புது வகை சிடி ஸ்கேனர் இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். 35 மி.மீ. கேமரா வாங்கினால் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இடப்பக்கத்துத் திருகு கூடவே சுழல்கிறதா பாருங்கள். மேகமலையில் ஒரு நாள் முழுக்க எடுத்தேன். கவுண்டர் 36 தாண்டி, 37 தாண்டி, 38 காட்டியபோது வயிற்றைக் கலக்கியது. திறந்து பார்த்தால் ஃபிலிம் சுருளில் கோக்கவே இல்லை. அன்றைய மேகம் மாதிரி அப்புறம் நான் பார்க்கவில்லை.

செலவைக் கேட்டால், ஃபிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து எனக்குக் கலரில் ஒரு ஃபிரேமுக்கு நூற்றைம்பது ரூபாய் பக்கம் ஆகிறது. கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவுவதால் அதில் பாதிக்கும் குறைவு.

தொடங்க ஒரு எச்பி5 120 ரோலும் ஒரு மஞ்சள் ஃபில்டரும் வாங்குங்கள். முதல் ரோலோடு ஊட்டிக்குப் போக வேண்டாம், ஊர்க் கண்மாய்க் கரை போதும். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை எட்டு மணிக்குப் போங்கள், தூசி அடங்கி மேகம் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு காட்சியையும் மூன்று விதமாக எடுங்கள்: மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. பன்னிரண்டு ஃபிரேமுக்கு நான்கு காட்சி. அதே நான்கையும் டிஜிட்டலிலும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க. முதல் ரோலை நீங்களே கழுவத் தயக்கமாக இருந்தால் லேபுக்கே கொடுங்கள். நெகட்டிவ் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் ஸ்கேனை அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.